இலக்கு எழுதுவதற்கு முன் பாஸ்புக்கை எடுங்கள்: தன்னாய்வைப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

2018 முதல் 2024 வரை ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் நான் ஒரே பட்டியலைத்தான் எழுதினேன். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் வெற்றி, வருடத்துக்கு ஒரு லட்சம் சேமிப்பு, எட்டு கிலோ எடை குறைப்பு, ஆங்கிலம் பேசப் பழகுவது. நோட்டு மாறும், பட்டியல் மாறாது. மார்ச் மாதத்துக்குள் அது பீரோவில் புடவைகளுக்கு அடியில் போய்விடும்.

அவிநாசியில் வீடு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். 2024 ஜூனில் மூன்றாவது முறையாகக் குரூப் 4 எழுதிவிட்டு வந்து, விடைக்குறிப்பை வைத்துத் திருத்திப் பார்த்தபோது மனது உடைந்துபோனது. அன்றுதான் ஏழு பட்டியல்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு என்ன வேண்டும் என்று ஏழு தடவை எழுதியிருக்கிறேன். போன வருடம் நான் என்ன செய்தேன் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

தன்னாய்வு என்றால் கண்ணை மூடி உட்கார்ந்து யோசிப்பது என்றே நானும் நினைத்திருந்தேன். அப்படி யோசித்தால் நம் மனது நமக்குப் பிடித்த கதையைத்தான் சொல்லும். ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு செய்தால் கதை மாறுகிறது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு ஏழு வருடம் ஆனது, உங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போதும்.

1. நாளையும் நேரத்தையும் முதலில் ஒதுக்குங்கள்

மொத்தம் ஐந்து மணி நேரம் வேண்டும். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். முதல் ஞாயிறு ஆவணம் திரட்ட இரண்டு மணி நேரம், இரண்டாம் ஞாயிறு அவற்றைப் படித்து எழுத இரண்டு மணி நேரம், மூன்றாம் ஞாயிறு இலக்கை எழுத ஒரு மணி நேரம். நடுவில் விடும் ஆறு நாட்களும் வீண் இல்லை. முதல் வாரம் கோபமாகப் பார்த்த கணக்கை இரண்டாம் வாரம் நிதானமாகப் பார்க்க முடிகிறது.

டிசம்பர் 31 இரவு வேண்டாம். வீடு நிறைய ஆள் இருக்கும், மனதும் பொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எழுதுவதெல்லாம் பெரிதாகவே வரும். சம்பளம் வந்த வாரமும் வேண்டாம். கையில் பணம் இருக்கும்போது எந்தச் சேமிப்பு இலக்கும் எளிதாகத் தோன்றும். மாதத்தின் மூன்றாவது வாரத்தில் தொடங்குங்கள்.

செலவு: கோடு போட்ட நோட்டு ஒன்று, எனக்கு 45 ரூபாய் ஆனது. வேறு எதற்கும் இப்போது பணம் கட்டாதீர்கள். நான் 2022-இல் இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்பே ஒரு பயிற்சி மையத்தில் 16,500 ரூபாய் கட்டினேன். அங்கே நடத்தியதில் பெரும்பகுதி எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம். எனக்கு எது தெரியாது என்று எனக்கே அப்போது தெரியவில்லை. கட்டணம் கட்டுவது எட்டாவது படிக்கு அப்புறம்தான்.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

இந்தப் படிதான் உயிர். இதில் சோம்பல் பட்டால் மீதி எல்லாம் வெறும் யோசனையாகிவிடும்.

வங்கிக் கணக்கு: கடைசி ஆறு மாதத்து வரவு செலவு. வங்கியின் செயலியில் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். கடவுச்சொல் கேட்டால், அது எப்படி அமைந்திருக்கும் என்று வங்கி அனுப்பும் மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கும். கிளையில் அச்சிட்டுக் கேட்டால் கட்டணம் பிடிக்கலாம், பாஸ்புக்கில் பதிவு போட்டாலே போதும். பாஸ்புக்கை ரொம்ப நாள் பதியாமல் விட்டிருந்தால் சில வங்கிகளில் நடுவில் உள்ளதையெல்லாம் சேர்த்து ஒரே வரியாக அடித்துவிடுவார்கள். அப்படி வந்தால் பிடிஎஃப்தான் வழி.

பாஸ்புக்கில் யுபிஐ என்று மட்டும் வரும், எதற்குக் கொடுத்தோம் என்பது தெரியாது. ஆகவே ஜிபே, போன்பே எது வைத்திருக்கிறீர்களோ அதன் பரிவர்த்தனைப் பட்டியலையும் பக்கத்தில் திறந்து வையுங்கள்.

போன் நேரம்: ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியிலும், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்ற பகுதியிலும் எந்தச் செயலியில் எத்தனை மணி நேரம் என்று இருக்கும். கடைசிச் சில வாரக் கணக்குதான் கிடைக்கும். ஆகவே இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். இதில் ஒரு தவறு எல்லோரும் செய்வது: பார்க்கப் போகிறோம் என்று தெரிந்ததும் அந்த வாரம் போனைத் தொடாமல் இருப்பது. பழைய வாரங்களின் கணக்கைத்தான் எடுக்க வேண்டும்.

தேர்வு எழுதுபவர்கள்: பழைய வினாத்தொகுப்புகள். குரூப் 4-இல் வினாத்தொகுப்பை வீட்டுக்குக் கொண்டுவரலாம், வந்ததும் நாம் குறித்த விடைகளை நினைவிலிருந்து அதிலேயே வட்டமிட்டு வைக்கலாம். விடைக்குறிப்பு தேர்வாணையத்தின் இணையதளத்தில் வரும். மதிப்பெண் மட்டும் போதாது, எந்தப் பகுதியில் எத்தனை சரி என்ற கணக்கு வேண்டும்.

உடம்பு பற்றிய இலக்கு என்றால் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். அவற்றோடு கிழிக்காமல் விட்ட நாள்காட்டித் தாள்கள், போன் கேலரியில் உள்ள படங்கள். படங்களில் தேதி இருக்கும். எந்த மாதம் ஊரில் கல்யாணம், எந்த மாதம் ஆஸ்பத்திரி என்று நினைவு தப்பியதையெல்லாம் அவை சொல்லிவிடும்.

கடைசியாக, உங்கள் பழைய இலக்குப் பட்டியல்கள். தூக்கி எறிந்திருந்தால் நினைவிலிருந்து எழுதுங்கள்.

3. மாத வாரியாக எழுதுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள்

நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம். மூன்று பத்தி போடுங்கள்: என்ன நடந்தது, எவ்வளவு பணம் எதற்குப் போனது, எவ்வளவு நேரம் எங்கே போனது. 'வீணடித்தேன்', 'சோம்பேறியாக இருந்தேன்' என்ற சொற்கள் எங்கும் வரக்கூடாது. ஆகஸ்ட் 12 முதல் 20 வரை மகளுக்குக் காய்ச்சல், புத்தகம் திறக்கவில்லை. அவ்வளவுதான், அடுத்த வரி.

என் வினாத்தொகுப்புகளை இப்படி எழுதிப் பார்த்தபோது தெரிந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவுக் கணக்கு 25. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றரை மதிப்பெண். 2019, 2022, 2024 மூன்று தேர்விலும் தமிழில் எனக்கு 85-க்குக் குறையவில்லை. திறனறிவில் 25-க்கு 9, 11, 10. அதாவது ஒவ்வொரு முறையும் அந்த 25 கேள்வியில் மட்டும் 20 மதிப்பெண்ணுக்கு மேல் விட்டிருக்கிறேன். ஆனால் நான் அதிகமாகப் படித்தது எதை? தமிழை. இலக்கணமும் செய்யுளும் படிக்க எனக்கு ஆசை, புத்தகத்தைத் திறந்தால் நேரம் போவது தெரியாது. வட்டி, விகிதம், பரப்பளவு என்றால் ஏழாம் வகுப்பிலிருந்தே பயம். பிடித்ததைப் படித்துவிட்டு, 'இன்று மூன்று மணி நேரம் படித்தேன்' என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அது என்னை ஐந்து வருடம் ஏமாற்றியிருக்கிறது.

உங்கள் கணக்கிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். பிடித்த வேலையைச் செய்து, தேவையான வேலையைத் தள்ளிவைத்த இடம். அதைக் கண்டுபிடிக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. 'ஏன்' என்று கேட்காதீர்கள்

'நான் ஏன் இப்படி இருக்கிறேன்?' என்று கேட்டால் பதில் வராது, அழுகைதான் வரும். எனக்கு முதல் ஞாயிறு அப்படித்தான் போனது. இரண்டு மணி நேரத்தில் ஒரு பக்கம் முழுக்க என்னையே திட்டி எழுதியிருந்தேன். அதில் பயன்படும் வரி ஒன்றுகூட இல்லை.

மாற்றிக் கேளுங்கள். எந்த நாளில் விட்டுப்போனது? அன்று அதற்கு முன்னால் என்ன நடந்தது? எந்த இடத்தில் உட்கார்ந்தபோது ஓடியது? யார் பக்கத்தில் இருந்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆவணத்திலேயே இருக்கும். எனக்கு வந்த பதில்: நான் தொடர்ந்து படித்த நாட்களில் பெரும்பாலானவை ஞாயிறு அதிகாலை. விட்டுப்போன நாட்கள் எல்லாம், இரவு சமையல் முடிந்து ஒன்பதரைக்கு மேல் படிக்கலாம் என்று திட்டம் போட்ட நாட்கள்.

ஒரே எண்ணம் மூன்றாவது தடவையாக வேறு வார்த்தையில் வந்தால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். அது ஆய்வு இல்லை, புண்ணைக் கிளறுவது. ஒரு கேள்விக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

இதை மனதாரச் சொல்கிறேன்: எழுத எழுத மனது கீழே கீழே போனாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ நோட்டை மூடிவிட்டு 14416-க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். இலக்கு எங்கேயும் ஓடிவிடாது.

5. இது யாருடைய இலக்கு என்று பாருங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி.

ஒன்று: இது நிறைவேறியதை யாரிடமும் சொல்ல முடியாது என்றால் அப்போதும் வேண்டுமா? ஆங்கிலம் பேசும் ஆசை இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிட்டது. என் வேலைக்கு அது தேவைப்படவில்லை. நாத்தனார் வீட்டு விசேஷத்தில் ஒருமுறை கூசிப்போன ஞாபகம்தான் அதைப் பட்டியலில் வைத்திருந்தது.

இரண்டு: இது கிடைத்துவிட்டால் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்? காலையிலிருந்து இரவுவரை எழுதுங்கள். அரசு வேலை பற்றி இதை எழுதும்போது, காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் என்ன செய்வேன் என்பதற்கு எனக்கு இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பது பற்றி ஒரு பக்கம் எழுதினேன். மகளோடு வாசலில் உட்கார்வது, வெளிச்சம் இருக்கும்போதே துணி எடுப்பது, அம்மாவுக்குப் போன் பேசுவது. எனக்கு வேண்டியது ஆறு மணிக்கு வீடு. அரசு வேலை அதற்கு ஒரு வழி. வேறு வழியும் இருக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

6. கையிருப்பை எண்ணுங்கள்

வாரத்துக்கு 168 மணி நேரம். அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். என் கணக்கு: வேலை 54, பஸ்ஸும் காத்திருப்பும் 12, தூக்கம் 49, சமையல், வீட்டு வேலை, மகளின் படிப்பு 28, குளியல், சாப்பாடு பத்தரை. மொத்தம் 153.5. மிச்சம் பதினான்கரை மணி நேரம். நானோ தினம் மூன்று மணி நேரம், வாரத்துக்கு 21 மணி நேரம் படிப்பதாக ஒவ்வொரு ஜனவரியும் அட்டவணை போட்டிருக்கிறேன். இல்லாத நேரத்தைச் செலவழிக்கத் திட்டம் போட்டுவிட்டு, முடியாதபோது மன உறுதி இல்லை என்று என்னையே குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

மிச்சம் வருவதில் பாதியைத்தான் இலக்குக்கு எழுத வேண்டும். மீதிப் பாதியைக் காய்ச்சலும் கல்யாணமும் எடுத்துக்கொள்ளும்.

வேலை எத்தனை நாள் பிடிக்கும் என்று கணிப்பதிலும் இதே தவறு நடக்கும். 1994-இல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாளில் என்றார்கள். முடிக்க ஆனது 55 நாளுக்கு மேல். ஆகவே மனதில் முதலில் தோன்றும் கால அளவை ஒன்றரை மடங்காவது ஆக்கி எழுதுங்கள். அதைவிட நல்லது, போன முறை உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று பார்த்து அதையே எழுதுவது.

பணத்துக்கும் இதே முறைதான். என் பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி சம்பளம் வந்து 18-க்குள் பெரும்பகுதி போயிருந்தது. 'மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிப்பேன்' என்ற திட்டத்துக்கு அங்கே இடமே இல்லை. ஒரு லட்சம் என்ற இலக்கை அடித்துவிட்டு, மாதம் 2,000 ரூபாய்க்கு அஞ்சலகத்தில் ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, போட்டேன். குறைந்தபட்சம் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். 15-ஆம் தேதிக்குள் கணக்கு தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும், 16-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கினால் மாதக் கடைசிவரை நேரம் உண்டு. எனக்கு 7-இல் சம்பளம் என்பதால் 9-ஆம் தேதி போய்த் தொடங்கினேன். தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம். ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடத்துக்கு முன் முடித்துக்கொள்ள முடியாது. அவசரத்துக்கு வேண்டிய பணத்தை இதில் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

7. ஓர் இலக்கு, ஒரு 'வந்தால்', ஒரு நிறுத்தத் தேதி

மூன்றாம் ஞாயிறு. ஓர் இலக்கை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது வேண்டுமென்றால், ஆர்.டி. மாதிரி ஒருமுறை செய்துவிட்டால் தானே ஓடுவதாக இருக்கட்டும்.

இலக்கைவிட அதன் கீழே எழுதும் வரி முக்கியம்: 'இந்த நேரம் வந்தால், இந்த இடத்தில், இதைச் செய்வேன்.' நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே இப்படிக் கட்டிவைப்பவர்கள் வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். நான் எழுதியது: 'ஏழு மணிக்கு மகள் வீட்டுப்பாடம் எடுத்து உட்கார்ந்தால், அதே பாயில் நானும் உட்கார்ந்து பத்துத் திறனறிவுக் கணக்குப் போடுவேன். வேறு பாடம் தொட மாட்டேன்.'

இது வீட்டுக்காரரிடம் பேசிய பிறகு வந்த வரி. முதல் இரண்டு ஞாயிறும் நோட்டை யாரிடமும் காட்டாதீர்கள், காட்டுவோம் என்று தெரிந்தாலே எழுத்து பவ்யமாகிவிடும். மூன்றாம் ஞாயிறு, உங்கள் நேரத்தோடு யாருடைய நேரம் கலந்திருக்கிறதோ அவரிடம் மட்டும் காட்டுங்கள். என் வீட்டுக்காரர் நேரக் கணக்குப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "புள்ள படிக்கறப்ப நீயும் கூட ஒக்காந்து கணக்குப் போடு. அந்த நேரத்துக்கு அடுப்ப நான் பாத்துக்கறேன்" என்றார். ஏழு வருடப் பட்டியலில் அவர் பெயரே இருந்ததில்லை.

நிறுத்தத் தேதியையும் அன்றே எழுதுங்கள். எந்த நாள்வரை, எந்த அளவு வந்தால் தொடர்வேன், வராவிட்டால் விடுவேன். நடுவில் களைத்துப்போய் எடுக்கும் முடிவைவிட, தெளிவாக இருக்கும்போது எழுதிவைத்த முடிவு நியாயமாக இருக்கும். 2025 ஜூலைத் தேர்வுதான் கடைசி என்று எழுதினேன். அந்தத் தேர்வில் திறனறிவில் 19 சரி. இருந்தும் கட்-ஆஃபுக்குக் கீழேதான் நின்றேன். எழுதியபடி நிறுத்தினேன். அவிநாசியிலேயே ஒரு நூல் குடோனில் கணக்கு வேலை தேடிச் சேர்ந்தேன். சம்பளம் 2,000 ரூபாய் குறைவு. ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இருக்கிறேன்.

8. வாரம் 15 நிமிடம்

ஞாயிறு இரவு, மூன்றே வரி: செய்த நாட்கள் எத்தனை, விட்ட நாளில் என்ன நடந்தது, வரும் வாரம் எது குறுக்கே வரும். கட்டணம் கட்டும் பயிற்சி ஏதாவது தேவையா என்று நான்கு வாரம் ஆன பிறகு முடிவு செய்யுங்கள். அதற்குள் எந்தப் பகுதிக்கு என்று குறிப்பாகத் தெரிந்திருக்கும். எனக்குக் கடைசியில் தேவைப்பட்டது எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் மட்டும். அதுவும் பக்கத்து வீட்டில் சும்மாவே கிடைத்தது.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். ஆகவே 22-ஆம் நாள் கஷ்டமாக இருந்தால் பயப்படாதீர்கள்.

தொடர்ந்து மூன்று வாரம் செய்த நாட்கள் பாதிக்குக் கீழே போனால் இலக்கைத் திட்டாதீர்கள், உங்களையும் திட்டாதீர்கள். ஏழாம் படியில் எழுதிய 'வந்தால்' வரியை எடுத்து நேரத்தையோ இடத்தையோ மாற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் ஏழு மணிக்குக் கரண்ட் போகும். அந்த இரண்டு மாதமும் பாயை எடுத்துவிட்டு, காலை ஐந்தரைக்குச் சமையலறை மேடையில் நின்றபடியே கணக்குப் போட்டேன்.